பூட்டிக் கிடக்கும் மாடிகளுக்கும் ஒரு அத்தியாயம் எழுதுங்கள்

மூன்றாம் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரித்துவரும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அதிகாரிகளுக்கும் திட்ட வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜ் டவுனில் ஆண்டர்சன் தெருவை ஒட்டிய தெரு ஒன்றில், பள்ளித் தோழன் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பேப்பர் மண்டியின் மூன்றாவது மாடிக்கு ஏறினேன். என் அப்பா அந்த மண்டியில் 31 வருடம் கணக்கெழுதினார். அவர் உட்கார்ந்த சாய்வு மேஜை இன்னும் தரைத்தளத்தில் இருக்கிறது. அதன் மேல் இப்போது கல்யாணப் பத்திரிகை ஆல்பங்கள். முதல் மாடியில் பாதி இடத்துக்கு அட்டைக் கட்டுகள். அதற்கு மேலே எல்லாம் பூட்டு. கொத்துச் சாவியில் நாலைந்தைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கதவு திறந்தது. கடைசியாக எப்போது திறந்தாய் என்று கேட்டேன். “பாகப் பிரிவினைக்கு அளக்க வந்தப்போ” என்றான். பாகம் இன்னும் பிரியவில்லை.

உள்ளே சுமார் 20 அடி அகலம், 70 அடி நீளத்துக்கு ஒரே கூடம். நடுவில் ஒரு தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. கூரை 15 அடி உயரத்தில். அசல் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள் வரிசையாக ஓடுகின்றன, அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாகக் குத்தவைத்த சன்னச் செங்கல், அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே மின்விசிறி இல்லாமல் அரை மணி நேரம் நின்று பேசினோம். தரையின் நடுவே மூன்றடிச் சதுரத்தில் ஒரு மரக் கதவு. கீழிருந்து ரீம் கட்டுகளைக் கயிறு கட்டி இழுத்த வழி அது. அதற்கு நேர் மேலே கப்பி இன்னும் தொங்குகிறது. தொட்டால் சுற்றுகிறது. சுவரில் பென்சிலில் தாள் அளவுவாரியாகக் கணக்கு: டெமி 18, கிரவுன் 22, டபுள் கிரவுன் 7. அப்பாவின் எழுத்தோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். இல்லை, அவருடைய 7 இப்படி இருக்காது.

நான் மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். வேலை பாரிமுனையில். போக வர தினமும் மூன்று மணி நேரம் ஆகிறது. அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்கு வந்த முதல் நினைப்பு பாரம்பரியம், கட்டடக் கலை என்றெல்லாம் இல்லை. இங்கே குடியிருந்தால் நடந்தே வேலைக்குப் போகலாமே என்பதுதான்.

இப்படிப் பழைய வணிகக் கட்டிடத்தின் திறந்த கூடத்தை வீடாக மாற்றுவதற்கு வெளியூர்களில் லாஃப்ட் என்று பெயர். நம்மூரில் அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாரும் சமையலறைக்கு மேலே உள்ள கான்கிரீட் பரணைத்தான் நினைப்பார்கள். கொலு பொம்மையும் பழைய சூட்கேஸும் ஏறும் இடம். என் மனைவியிடம் “லாஃப்டில் குடியிருக்கலாமா?” என்று கேட்டபோது அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பெயர் எதுவானாலும் சரி, விஷயம் இதுதான்: ஜார்ஜ் டவுனின் மேல்மாடிகள் பூட்டிக் கிடக்கின்றன. நீங்கள் எழுதப்போகும் திட்டத்தில் அவற்றுக்குத் தனியாக ஒரு அத்தியாயம் வேண்டும்.

ஏன் பூட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-இல் வெளியூர் பஸ்களும் போயின. கிடங்குகள் மாதவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் நகர்ந்தன; லாரி நேராகப் போய் நிற்கிற இடத்தில் சரக்கை இறக்குவதை விட்டுவிட்டு, எவன் கப்பியில் கட்டி மூன்றாவது மாடிக்கு இழுப்பான்? கம்பெனி ஆபீஸ்கள் கிண்டிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் போய்விட்டன. தரைத்தளக் கடைக்கு மட்டும் இன்றும் கிராக்கி. கோடவுன் தெருவில் துணி, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் வளையலும், நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் கெமிக்கலும். அந்த வாடகையே போதும் என்று உரிமையாளர்கள் மாடியைப் பூட்டிவிட்டார்கள். யாரையாவது குடிவைத்தால் மூன்று தலைமுறைக்குக் கிளம்ப மாட்டார்கள் என்ற பயம் வேறு. 1960-ஆம் வருடத்து வாடகைச் சட்டம் விதைத்த பயம் அது. அந்தச் சட்டம் போய் 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் போனாலும் பயம் போகவில்லை.

ஆனால் அதே 2019 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கி, உயர்நீதிமன்றத்திலும் மண்ணடியிலும் சுரங்க நிலையங்கள் திறந்தன. கடற்கரை ரயில் நிலையம் முன்பே இருக்கிறது. நகரத்திலேயே போக்குவரத்து வசதி மிகுந்த இடங்களில் ஒன்றில் மாடி மாடியாக ஒட்டடை தொங்குகிறது. நாமோ செம்மஞ்சேரி தாண்டிச் சதுப்பு நிலத்தின் ஓரம் வரை வீடு கட்டிக்கொண்டு போகிறோம்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுப்பகுதியிலும் இதே கதை நடந்தது. தற்செயலாக, நம் பாரிமுனையில் இருப்பதுபோல் அங்கேயும் பிராட்வே என்று ஒரு தெரு. பக்கத்திலேயே ஸ்பிரிங் தெரு, ஒரு காலத்தில் வங்கிகளின் தெரு. வங்கிகளும் ஆபீஸ்களும் புதுக் கோபுரங்களுக்குப் போனதும், பிராட்வேயில் கீழே கடைகளில் கூட்டம், மேலே பத்துப் பன்னிரண்டு மாடி காலி என்று வருடக்கணக்கில் கிடந்தது. 1999-இல் அந்த நகராட்சி பழைய கட்டிடங்களின் மறுபயன்பாட்டுக்கென்று ஒரு சட்டம் போட்டது. அதில் புத்திசாலித்தனம் ஒன்றே ஒன்றுதான்: நிற்கிற கட்டிடத்தை நிற்கிறபடியே ஏற்றுக்கொண்டார்கள். 1974 ஜூலை 1-க்கு முந்தைய விதிகளின்படி கட்டிய வணிகக் கட்டிடம் என்றால், அதன் உயரமும் பக்க இடைவெளியும் என்னவோ அதுவே சரி. புதிதாகக் கார் நிறுத்துமிடம் கேட்கவில்லை. இத்தனை வீட்டுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நிலநடுக்கப் பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காம் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் முனையில் சில பழைய கட்டிடங்கள் முதலில் வீடாயின. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக 12,000 வீடுகளுக்கு மேல் வந்தன. அதற்காக அந்த ஊர் புதிதாக ஓர் ஏக்கர் நிலம்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை.

நம் விதிகள் எப்படி இருக்கின்றன? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்னிடம் இருக்கிறது. ராத்திரியில் தூக்கம் வராதபோது படிப்பேன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, ஆனால் அது காலி மனையைக் கண்முன் வைத்து எழுதிய புத்தகம். சாலை இத்தனை அடி இருந்தால் கட்டிடம் இத்தனை உயரம், இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் என்று போகிறது. நூறு வருடத்துக்கு முன்பே கட்டி முடித்து, இரண்டு பக்கமும் பொதுச்சுவரோடு நெருக்கியடித்து நிற்கிற ஒரு மண்டியிடம் கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்டால் அது என்ன செய்யும்? ஜார்ஜ் டவுனைத் தொடர் கட்டிடப் பகுதி என்று ஏற்றுக்கொண்டு பக்க இடைவெளியை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதே மனதோடு இன்னும் ஓர் அடி எடுத்து வையுங்கள் என்கிறேன். அந்தத் தெருக்களில் மீன்பாடி வண்டி எதிரே வந்தால் ஆள் கடைக்குள் ஒதுங்க வேண்டும். அங்கே குடிவர விரும்புகிறவன் காரை விற்றுவிட்டுத்தான் வருவான்.

சரி, யாரும் குடியிருக்கவில்லை என்று இதுவரை எழுதினேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஷட்டர் இறங்கிய கடைகளின் மாடியில் வெளிச்சம் தெரியும். சரக்குக்கு நடுவே பாய் விரித்துப் படுக்கும் கடைப் பையன்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். வெளியே ஷட்டரைப் பூட்டிச் சாவியை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகிற இடங்களும் உண்டு. எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. 2019 டிசம்பர் 8 விடிகாலை டெல்லி அனாஜ் மண்டியில் இப்படித்தான், பை தைக்கிற பட்டறைகள் இருந்த ஒரு கட்டிடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 43 பேர் தீயிலும் புகையிலும் செத்துப்போனார்கள். குடியிருப்பை அனுமதித்தால் ஆபத்து என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அனுமதி இல்லாமலேயே ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பதுதான் இன்றைய ஆபத்து.

நியூயார்க்கில் சோஹோ பகுதிக்குச் சட்டம் பிறந்ததும் இந்த வழியில்தான். தொழிற்சாலைகள் காலி செய்த வார்ப்பிரும்புக் கட்டிடங்களில் 1960-களில் ஓவியர்கள் திருட்டுத்தனமாகக் குடிபுகுந்தார்கள். வீடு என்று தெரியக் கூடாது என்பதால் ராத்திரி ஜன்னலை மறைத்துக்கொண்டு இருந்தவர்கள் உண்டு. முதலில் ஓவியர்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. 1982-இல் லாஃப்ட் சட்டம் என்றே ஒன்று வந்தது. வணிகக் கட்டிடத்தில் மூன்று குடும்பங்களாவது குறிப்பிட்ட காலத்தில் தனித்தனியாகக் குடியிருந்திருந்தால், அவர்களை வெளியேற்ற முடியாது. தீப் பாதுகாப்பு உட்பட எல்லாவற்றையும் கட்டிட உரிமையாளர் விதிப்படி செய்து கொடுத்தாக வேண்டும். இதைக் கண்காணிக்கத் தனி வாரியமும் அமைத்தார்கள். ஏற்கெனவே இருக்கிற மனிதர்களை முதலில் கணக்கில் சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கட்டிடம் தாங்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 ஏப்ரலில் அரண்மனைக்காரன் தெருவில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த நான்கு மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். (ஆர்மீனியன் தெருவை அரண்மனைக்காரன் தெருவாக்கிய நம் நாக்குக்கு ஒரு கும்பிடு.) அதனால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் ஒரு கணக்கு. வீட்டுத் தளம் தாங்க வேண்டிய சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பது இந்தியத் தர விதி. பேப்பர் ரீமைத் தலை உயரத்துக்கு அடுக்கினால் ஏறும் பாரம் அதைப் போல எத்தனை மடங்கு என்று எந்தப் பேப்பர் வியாபாரியும் சொல்வார். அந்த மரம் அத்தனை வருடம் அதைத் தாங்கியது. ஒரு குடும்பமும் இரண்டு பீரோவும் அதற்குப் பஞ்சு.

பாரத்தைவிட மெட்ராஸ் டெரஸுக்குப் பெரிய எதிரி தண்ணீர். தோழனோடு வந்திருந்த ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் ஒருவர் ஏணி போட்டு ஏறி, தேக்குக் கட்டைகளின் நடுவே தட்டிப் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டை சுவருக்குள் நுழைகிற முனைக்குப் போய் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். ஒரு முனையில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மொட்டை மாடித் தண்ணீர் சுவர் வழியாக வருடக்கணக்கில் கசிந்து, முனையை மட்டும் தின்றிருக்கிறது. மற்றக் கட்டைகள் கணீரென்று சத்தம் கொடுத்தன. “இப்படிப்பட்ட கட்டிடத்தில் இஷ்டத்துக்குப் பாத்ரூம் வைத்தால் பத்து வருடம்கூடத் தாங்காது சார். சமையலறை, கழிப்பறை எல்லாத்தையும் பின்சுவர் ஓரமா ஒண்ணுக்கு மேல ஒண்ணா, தனி இரும்புச் சட்டத்தில் நிறுத்தணும். பழைய மரத்துக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது” என்றார். விதியாக எழுத வேண்டியது இந்த மாதிரி விஷயங்களைத்தான். மரம், சுண்ணாம்பு, கர்டர் மூன்றையும் அறிந்த பொறியாளர் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எழுதுங்கள். இரண்டாவது படிக்கட்டு கட்டாயம் என்று எழுதுங்கள். 70 அடிக் கூடத்துக்கு ஒரே படி என்றால் நானே குடிபோக மாட்டேன். இடம் இல்லை என்பவர்களுக்காக, பக்கத்துப் பக்கத்துக் கட்டிடக்காரர்கள் சேர்ந்து பொதுச்சுவரில் கதவு வைத்து ஒருவர் படியை மற்றவர் அவசரத்துக்குப் பயன்படுத்த வழி செய்யுங்கள். மேலே குடியிருப்பு என்றால் கீழே தின்னரும் கெமிக்கலும் இருக்கக் கூடாது. இதில் நைனியப்ப நாயக்கன் தெருக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

வெளிச்சமும் ஒரு சிக்கல். முன்னால் தெரு, பின்னால் சந்து, இரண்டு பக்கமும் அடுத்தவன் சுவர். 70 அடிக் கூடத்தின் நடுவில் பகலிலேயே இருட்டு. சரக்குக் கதவு இருக்கிறதே, அந்த மூன்றடிச் சதுரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி மொட்டை மாடி வரை திறந்துவிட்டால் முற்றம் ஆகிவிடும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் எல்லாம் முற்றம் இருந்தது. தளத்தை வெட்டுவது விதிமீறல் என்று தள்ளிவிடாமல், முறையாகச் செய்ய வழி சொல்லுங்கள்.

இனி, எனக்கு உள்ளூர இருக்கிற பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சோஹோவில் இன்று போய் ஓவியரைத் தேடினால் கிடைக்க மாட்டார். விலை உயர்ந்த துணிக்கடைகளும் கோடீஸ்வரர்களும்தான். லாஸ் ஏஞ்சலஸில் அந்த லாஃப்டுகளிலிருந்து சில தெரு தள்ளி ஸ்கிட் ரோ. ஆயிரக்கணக்கானவர்கள் நடைபாதையில் கூடாரம் போட்டுப் படுக்கிற இடம். நம் ஜார்ஜ் டவுன் நடைபாதைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, அங்கேயே ஸ்டவ் பற்றவைத்து, பக்கத்துக் கடையிலேயே வேலை பார்ப்பவர்கள். அவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தலைக்கு மேலே இருக்கும் காலி மாடியை ‘ஹெரிடேஜ் லாஃப்ட்’ என்று இரண்டு கோடிக்கு விற்பதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை.

அதனால் லாஸ் ஏஞ்சலஸ் சட்டத்தில் ஒன்றை மட்டும் காப்பியடிக்காதீர்கள். ஒரு வீடு 450 சதுர அடிக்குக் குறையக் கூடாது, சராசரி 750 இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேர் பவழக்காரத் தெருவில் 280 சதுர அடியில் வளர்ந்தோம். பெருமையாகச் சொல்லவில்லை, நெருக்கடியாகத்தான் இருந்தது. ஆனால் தனியாள் ஒருவருக்கு, புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு, சின்ன வீடு போதும். வாடகையும் கைக்கு அடங்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் எத்தனை ஆயிரம் பேரைச் சென்னையில் கால் ஊன்ற வைத்தன! அந்தப் பத்தடி அறைகளையும் ஒரு வகை நகர்மைய வீடு என்று யாராவது எப்போதாவது மதித்திருக்கிறோமா? மாடியில் இப்போது தூங்கும் தொழிலாளிகளுக்குக் கட்டிடத்துக்கு இத்தனை படுக்கை என்று ஒதுக்கினால்தான் சொத்து வரியிலோ கட்டணத்திலோ சலுகை என்று வையுங்கள். உரிமையாளர்கள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், ஒத்துக்கொள்வார்கள்.

பாகம் பிரியாத சொத்து ஒரு தனித் தலைவலி. என் தோழன் கட்டிடத்தில் மட்டும் 14 பங்குதாரர்கள். இரண்டு பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. இது உங்கள் கையில் இல்லை, அறிவேன். பெரும்பான்மைப் பங்குதாரர்கள் சேர்ந்து நீண்டகாலக் குத்தகைக்கு விட்டால் விண்ணப்பத்தை ஏற்கலாமா என்று சட்டத் துறையிடம் கேட்டாவது பாருங்கள்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணா சாலையிலேயே சாட்சி நிற்கிறது. 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடம். அதை இடிக்கத் தொடங்கியது 2006-இல். வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். இடிக்கக் கூடாது என்றதோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்; அதை வைத்து என்ன செய்வது என்பதற்கு மட்டும் விடை வரவில்லை. சுவர் விரிசலில் அரச மரம் வளர்கிறது. காப்பாற்றிய கட்டிடத்துக்கே இந்த கதி என்றால், எந்தப் பாரம்பரியப் பட்டியலிலும் இல்லாத பேப்பர் மண்டியை யார் நினைக்கப் போகிறார்கள்? அதற்குள் ஆள் குடியிருந்தால், ஒழுகுகிற அன்றைக்கே யாராவது ஏணி வைத்து ஏறிப் பார்ப்பார்கள். அந்தத் தேக்கு முனை உளுத்ததற்குக் காரணம் வயது இல்லை. கீழே பக்கெட் வைக்க ஆள் இல்லாததுதான்.

2008-இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலக்கெடு 2026. அடுத்த இருபது வருடத்துக்கானதை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நகரம் முழுக்க ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஆண்டர்சன் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு என்று மூன்று தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாடி பூட்டிக் கிடக்கிறது, எத்தனை பேர் கணக்கில்லாமல் தூங்குகிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். இந்தக் கணக்கெடுப்புக்கு நானும் கூட வருகிறேன். பாதிக் கடைக்காரர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், மீதிப் பேருக்கு அப்பாவைத் தெரியும்.

அதற்கு முன்னால், உங்களில் யாராவது ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பூர் ஆபீஸை மறந்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள். மெட்ரோவில் மண்ணடியில் இறங்கினால் நடை தூரம். ஞாயிறென்றால் தெருவில் வண்டி இருக்காது, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது மாடிச் சாவியைத் தோழன் என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறான். மொத்தம் 68 படி. இரண்டாவது திருப்பத்தில் இடது பக்கக் கைப்பிடி ஆடும், அதைப் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து தினமும் பாரிமுனைக்கு வந்துபோகும்
ஒரு பேப்பர் மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகன்